மரம் இழைக்கிற பழைய கெத்தாம் மெஷின் வாங்கப் போறீங்களா, புதுப் பெயிண்ட்டச் சுரண்டிப் பாத்துட்டுக் காசு குடுங்க

இத எழுதலாமா வேணாமான்னு ரெண்டு வாரமா யோசிச்சேன், நம்ம முட்டாள்தனம்தானே ஊருக்குத் தெரியப் போவுதுன்னு. ஆனா போன சனிக்கிழம பீடோர்ல இருந்து ஒரு தம்பி போன் பண்ணி நீங்க மெஷின் வாங்கி ஏமாந்த அதே யார்டுல மரம் அறுக்கிற பேண்ட் சா ஒண்ணு பாத்து வச்சிருக்கேண்ணே, டெபாசிட் கட்டட்டுமான்னு கேட்டாரு, சரி எழுதியே ஆகணும்னு உக்காந்துட்டேன்.

நான் மலேசியாவுல சுங்கை சிப்புட். வீட்டுக்குப் பின்னால ஜிங்க் கூரை போட்ட கொட்டாய், லீவு நாள்ல அதுலதான் மர வேல. தோட்டத்துல பழைய லயத்த இடிச்சப்ப அப்பா வாங்கிப் போட்ட செங்கால் மரப் பலகைங்க ஒரு குவியல் கெடக்கு, அத கையால இழைச்சீங்கன்னா தோள்பட்ட கழண்டு கையில வந்துடும். அதுக்குத்தான் ஒரு பெரிய கெத்தாம் மெஷின் தேடுனேன். இப்ப வர்ற தகர மேசை எல்லாம் வேணாம், பழைய வார்ப்பிரும்புதான் வேணும்னு ஒரு கிறுக்கு வேற.

ஈப்போ பக்கம் ஒரு பழைய மெஷின் யார்டு, பேஸ்புக்ல போட்டோ போட்டிருந்தான். வாட்கின், 12 இஞ்சி, இங்கிலாந்துல லெஸ்டர்ல செஞ்சது. 1897ல ஆரம்பிச்ச கம்பெனி அது, மர வேல தெரிஞ்சவங்க கிட்ட பேர சொன்னாலே எழுந்து நிப்பாங்க. பச்சை கலந்த சாம்பல் பெயிண்ட்டு பளபளன்னு. 4,800 வெள்ளி. நேர்ல போனேன், சுவிட்ச் போட்டு ஓட்டிக் காட்டுனான், சத்தமே இல்ல, மேச மேல ஒரு பத்து காசு நிக்க வச்சான், விழல. எனக்கு அங்கயே மயக்கம் வந்துடுச்சு. கார்ல ஒரு மெராந்தி கட்ட கொண்டு போயிருந்தேன், ஒரே ஒரு தடவ விட்டுப் பாக்கட்டுமா பாஸ்னு கேட்டேன், "அட பிளேடு மொன்னை பாஸ், புது பிளேடு போட்டா வெண்ணெ மாதிரி இழைக்கும்"னான். அந்த எடத்துலயே திரும்பி நடந்திருக்கணும். வெறுமனே சுத்துறத ஒரு பாட்டரி வச்ச பொம்ம கூட செய்யும்.

என் வீட்டுல சிங்கிள் ஃபேஸ், மெஷின் 415 வோல்ட் த்ரீ ஃபேஸ். அதுக்கும் அவன் கிட்ட பதில் ரெடி, "ஒரு இன்வெர்ட்டர் போட்டா போதும் பாஸ், எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க". இன்வெர்ட்டர்னா இங்க பாட்டரி வச்சது இல்ல, மோட்டாருக்கு ஏத்த மாதிரி கரண்ட மாத்திக் குடுக்கிற பெட்டி. அவன் சொன்னது பாதி உண்மை, அதான் பேஜார். வீட்டு 240ல இருந்து சின்ன இன்வெர்ட்டர் த்ரீ ஃபேஸ் குடுக்கும், ஆனா அதுவும் 240தான் குடுக்கும், 415 குடுக்காது. மோட்டார் பெட்டிக்குள்ள ஆறு முனை இருந்தா ஸ்டார்ல இருந்து டெல்டாவுக்கு மாத்திக் கட்டலாம் (உள்ள இருக்கிற சுருளுங்கள இணைக்கிற ரெண்டு விதம் அது), 240லயே ஜம்முனு ஓடும். என் மோட்டாரத் தொறந்தா மூணே ஒயருதான் வெளிய வருது, ஸ்டார் முடிச்ச உள்ளயே போட்டு வார்னிஷ் அடிச்சிருக்கு. அப்படியே 240ல ஓட்டுனா இழுவை மூணுல ஒரு பங்காப் போயிடும். (ஜப்பான்ல இருந்து வர்ற ரீகண்டிஷன் மெஷினுங்க 200 வோல்ட், அதுக்கு இந்தத் தொல்ல இல்ல. இத எனக்கு யாராச்சும் முன்னாலயே சொல்லியிருக்கலாம்.) லோரிக்கு 450, இன்வெர்ட்டருக்கு 620, மெஷினுக்குள்ள மெராந்தி போனதும் ட்ரிப்பு.

சரி, மோட்டாரத் திருப்பிக் கட்டிக்கலாம்னு மனச தேத்திக்கிட்டு ட்ரிப் ஆகாத அளவுக்கு மெல்லிசா ரெண்டு பலகையோட ஓரத்த இழைச்சேன். ரெண்டையும் சேத்து வெளிச்சத்துல பிடிச்சா நடுவுல கோடு மாதிரி வெளிச்சம் வருது. பிளேடு செட்டிங்க மாத்தி மாத்தி ரெண்டு நாள் போச்சு. அப்புறம்தான் மாமாவக் கூப்பிட்டேன், செம்பனை ஆலையில முப்பது வருசம் ஃபிட்டர். வந்தாரு, ஒரு மீட்டர் ஸ்டீல் ஸ்ட்ரெயிட் எட்ஜ, அதாவது வளைவே இல்லாத நேர்ச்சட்டத்த, பிளேடுக்கு முன்னும் பின்னும் இருக்கிற ரெண்டு மேசைக்கும் மேல நீட்டா வச்சாரு, பலகை உள்ள போற பக்கத்துக் கடைசியில இடைவெளி அளக்கிற மெல்லிசுத் தகடு, ஃபீலர் கேஜ சொருவுனாரு. 0.8 மில்லி உள்ள போயிடுச்சு. ஒண்ணும் பேசல. ஸ்பேனர எடுத்து அடிப்பக்கத்த தட்டிக்கிட்டே வந்தாரு, நங், நங், நங்... ஒரு எடத்துல டப்.

"மருமவனே, பிளேடு ஒண்ணு குடு."

மேச சறுக்கி ஏறுற எடத்துக்குக் கீழ சுரண்டுனாரு. பெயிண்ட்டுக்கு அடியில ரோஸ் கலர்ல பவுடர் பவுடரா கொட்டுது, காருல நசுங்கின எடத்த ரொப்ப அடிக்கிற போடி ஃபில்லர். அதையும் சுரண்டுனா தங்கக் கோடு மாதிரி ஒரு சாண் நீளத்துக்கு பித்தளப் பத்து, வெடிப்ப பித்தளய உருக்கி ஒட்டுனது. எப்பவோ கீழ விழுந்து வெடிச்சிருக்கு, பத்த வச்சு, மேச தொங்கிப் போயி, அதுக்கு மேல ஃபில்லர் பூசி பெயிண்ட். பத்து வச்சது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், ஒழுங்காப் பத்து வச்ச பழைய மெஷின் எத்தனையோ ஓடுது. சொல்லி வித்திருந்தா 1,500க்கு நானே வாங்கியிருப்பேன்.

யார்டுக்காரனுக்கு போன் பண்ணுனேன். மொத நாள் "லோரியில அடிபட்டிருக்கும் பாஸ்". லோரியில அடிபட்டா ஃபில்லர் தானா முளைக்குமான்னு கேட்டேன், கட் பண்ணிட்டான். ரெசிட்ல பாத்தா விற்ற சாமான் திரும்ப எடுக்க மாட்டோம்னு மலாய்ல சாப்பு குத்தியிருக்கு, காசு போனதும் கம்பெனி அக்கவுண்டுக்கு இல்ல, யாரோ ஒரு ஆளோட சொந்த அக்கவுண்டுக்கு.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்துல கேஸ் போடலாம்னு பாத்தேன், 5 வெள்ளிதான் ஃபீஸ், 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம். ஆனா 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்துல பயனீட்டாளர்னா சாதாரணமா வீட்டுக்கு, சொந்த உபயோகத்துக்கு வாங்குற மாதிரி சாமான வாங்குறவருன்னு இருக்கு, அர டன் பட்டறை மெஷின அதுல சேப்பாங்களான்னு அவன் கண்டிப்பா இழுப்பான். இருந்தாலும் கேஸ் போடுற பாரத்த எழுதிட்டேன், சுரண்டுறப்ப எடுத்த வீடியோவையும் வச்சிருக்கேன்.

பீடோர் தம்பி கிட்ட சொன்னத இங்கயும் சொல்றேன். மாமாவோட ஸ்ட்ரெயிட் எட்ஜும் ஃபீலர் கேஜும் இப்ப என் கொட்டாயிலதான் இருக்கு. மெஷின் பாக்கப் போறதுக்கு முன்னால யாருக்கு வேணுமோ வந்து எடுத்துட்டுப் போங்க, மறக்காம திருப்பிக் குடுத்துடுங்க, அவரு எண்ணி வச்சிருக்காரு.