சமதரை இல்லாத ஊரில் சக்கர நாற்காலி: கடிகாரமா, காணொளியா, குரலா?

ராகமையிலோ திகனையிலோ உள்ள புனர்வாழ்வு வைத்தியசாலையில் சக்கர நாற்காலியைத் தள்ளவும், கட்டிலிலிருந்து அதற்கு மாறி அமரவும் பழகிக்கொண்டு இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பும் ஒருவரின் தேர்ச்சி, பல வேளைகளில் லயம் எனும் தொடர் குடியிருப்பின் படிக்கட்டோடு நின்றுவிடுகிறது. முள்ளந்தண்டு வடத்தில் காயமுற்ற வயதுவந்தோருக்கென 2018இல் வெளியான சர்வதேச வழிகாட்டல், வாரத்துக்கு இரு முறையாவது 20 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்குப் பயிற்சியும், இயங்கும் பெரிய தசைகள் ஒவ்வொன்றுக்கும் மும்மூன்று சுற்று வலுப்பயிற்சியும் வேண்டும் என்கிறது. இதயத்தையும் இரத்தச் சர்க்கரையையும் கருதினால் வாரத்துக்கு மூன்று முறை, 30 நிமிடம். இதைத் தனியே தொடர்வது கடினம். கைப்பேசி துணை நிற்கலாம். ஆனால் எந்த வடிவில் என்பதை மலையகத்தின் நிலத்தை வைத்தே தீர்மானிக்க வேண்டும்.

கைப்பேசியோடு இலவசமாக வரும் நடைக்கணக்குச் செயலிகளை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். நடக்காதவரின் கை உழைப்பை அவை கணக்கில் எடுப்பதில்லை. நாள் முழுதும் நாற்காலியிலும் கட்டிலிலும் போராடி இயங்கிய ஒருவருக்கு மாலையில் பூச்சியம் காட்டும் கருவி, ஊக்கத்தைக் கெடுக்கவே செய்யும்.

சக்கர நாற்காலிக்கெனத் தனி அமைப்புக் கொண்ட கடிகாரங்கள் இந்தக் குறையைத் தீர்க்கின்றன. ஆப்பிள் கடிகாரம் 2016இலிருந்து, இதற்கான அமைப்பைத் தெரிவு செய்பவருக்கு அடிகளுக்குப் பதிலாகத் தள்ளல்களை எண்ணுகிறது. எழுந்து நிற்கச் சொல்வதற்குப் பதிலாகச் சற்று உருண்டு வரச் சொல்கிறது. அமெரிக்க ஆய்வாளர்கள் சக்கரத்தில் ஓர் உணரியும் மணிக்கட்டில் ஒரு கடிகாரமும் பொருத்தி, உரிய நேரத்தில் கைப்பேசி வழியாக நினைவூட்டும் முறையையும் முயன்றுள்ளனர். நல்ல முயற்சிகள்தாம். எனினும் இவை யாவும் உருண்டு செல்ல ஒரு தரை இருப்பதாகவே எடுத்துக்கொள்கின்றன. லயத்தின் இஸ்தோப்பு, அதாவது முன்திண்ணை, சில அடி நீளம்தான். அதற்கப்பால் படி, அதற்கப்பால் சரிவு, மழைக்காலமானால் சேறு. அங்கே தள்ளல்களின் எண்ணிக்கை அவருடைய முயற்சியைக் காட்டாது, வீட்டின் அமைப்பையே காட்டும். மேலும், அந்தக் கடிகாரத்துக்கு ஐபோன் வேண்டும். தோட்டச் சம்பளத்தில் இரண்டையும் வாங்குவது எளிதன்று.

இதயத் துடிப்பு அளவையும் அப்படியே நம்புவதற்கில்லை. முள்ளந்தண்டு வடத்தில் கழுத்து மட்டத்திலோ மேல் மார்பு மட்டத்திலோ காயம் இருந்தால், இதயத்தை விரைவுபடுத்தும் நரம்புத் தொடர்பு பாதிக்கப்படுவதால், கடுமையாக உழைத்தாலும் துடிப்பு ஓரளவுக்கு மேல் ஏறாது. கடிகாரம் அதைக் குறைந்த முயற்சியெனக் கணிக்கக்கூடும். அவர்களுக்குப் பேச்சே ஏற்ற அளவுகோல்: பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதமான உழைப்பு, சில சொற்களுக்கு மேல் வரவில்லை என்றால் கடுமையானது.

ஆகவேதான் சாதாரணத் தொலைபேசி அழைப்பையும் வாட்ஸ்அப் குரல்பதிவையும் நான் முன்னிறுத்துகிறேன். பயிற்சி முடிந்த கையோடு பேசுபவரின் மூச்சிரைப்பை மறுமுனையிலுள்ள பிசியோதெரபிஸ்ட் காதால் கேட்டே அளவிட முடியும். "அண்ணே, தோள் வலிக்குதா, இல்ல சும்மா களைப்பா?" என்று அவர் கேட்டுவிட்டு அடுத்த வாரப் பயிற்சியை மாற்றியமைக்கலாம். சக்கர நாற்காலியில் வாழ்பவர்களுக்குத் தோள்தான் கால். அங்கே வலி தொடங்கியதைத் தள்ளல் எண்ணிக்கை சொல்லாது. பட்டன் போன் வைத்திருப்பவருக்கும் அழைப்பு எட்டும். குரல்பதிவு, சிக்னல் கிடைக்கும் மூலைக்குக் கைப்பேசியை யாராவது கொண்டுபோய் வந்தால் போதும், பிறகு எத்தனை முறையும் கேட்கலாம். வாசிக்கச் சிரமப்படும் மூத்தவர்களுக்கும் அது தடையில்லை. ஒரே குறை, மறுமுனையில் நேரம் ஒதுக்கும் ஒரு மனிதர் தேவை என்பது. அந்த நேரத்தை வைத்தியசாலைகள் கடமை நேரமாகவே கணக்கிட வேண்டும், தனிப்பட்ட தயவாக விட்டுவிடக் கூடாது.

குறுஞ்செய்தி, நாளையும் நேரத்தையும் நினைவூட்ட மட்டும் போதும்; தமிழில் 70 எழுத்துக்குறிகளைத் தாண்டினாலே அடுத்த செய்தியாகக் கணக்காகிவிடும். காணொளிக்கு வேறொரு பலம் உண்டு. கதவு நிலையில் கட்டிய இழுபட்டியைப் பின்னோக்கி இழுப்பதையும், அமர்ந்தபடி காற்றில் குத்துவதையும் சொல்லி விளக்குவதைவிடக் காட்டுவது மேல். இவற்றுக்குச் சமதரையும் வேண்டியதில்லை. வைத்தியசாலையை விட்டு வரும் முன்பே, அவருடைய கைப்பேசியிலேயே, அவரே சரியாகச் செய்வதைப் பதிந்து கொடுத்தால் டேட்டா செலவும் இல்லை. யாரோ ஒருவரின் உடலுக்கு ஏற்ற பயிற்சியைப் பார்த்துத் தவறாகப் பின்பற்றும் ஆபத்தும் குறையும்.

எந்த வழியைத் தெரிவு செய்தாலும் ஓர் எச்சரிக்கை அதில் இடம்பெற்றே ஆக வேண்டும். ஆறாம் மார்பு முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ காயம் உள்ளவருக்கு, நிரம்பிய சிறுநீர்ப்பையே இரத்த அழுத்தத்தைத் திடீரென ஏற்றிவிடலாம். கடும் தலைவலி, முகச்சிவப்பு, காயத்துக்கு மேலே வியர்வை என்றால் உடனே நிறுத்தி, நிமிர்ந்து அமர்ந்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, சிறுநீர் வெளியேறப் பொருத்திய குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; தணியாவிட்டால் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைக்க வேண்டும். இதை முதல் குரல்பதிவாக அனுப்பி, வீட்டாரையும் கேட்கச் செய்ய வேண்டும்.

நுவரெலியா, பண்டாரவளை போன்ற நகரங்களில் சமதரை வீடும் ஐபோனும் உள்ளவருக்குக் கடிகாரம் பயன்தரும், அவர் வாங்கட்டும். தோட்டத்தில் வாழ்பவருக்கோ, தன்னையே பதிந்த காணொளியும் வாரம் ஒரு முறை வரும் அழைப்பும் முதலில் கிடைக்க வேண்டும்.