அறிவியலுக்கு ஆண், தத்துவத்துக்குப் பெண்ணா? பத்து நிமிடச் சோதனையை எவ்வளவு நம்பலாம்

அறிவியல் என்றதும் மனம் ஆணையும், தத்துவம், இலக்கியம் என்றதும் பெண்ணையும் நாடுகிறதா என்று அளக்கும் சோதனை ப்ராஜெக்ட் இம்ப்ளிசிட் என்ற ஆய்வு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. உளவியலாளர் கிரீன்வால்டும் சக ஆய்வாளர்களும் 1998-ல் வெளியிட்ட முறை இது. செய்து பார்க்க வேண்டியதுதான். ஆனால் ஒரே தடவையில் வரும் முடிவைப் பிடித்துக்கொள்ளக் கூடாது.

திரையில் ஒவ்வொரு சொல்லாக வரும்: இயற்பியல், தத்துவம், அப்பா, மகள். இடப்பக்க வகைக்கு ஆங்கில ‘E’ விசை, வலப்பக்கத்துக்கு ‘I’. தவறினால் சிவப்பில் பெருக்கல் குறி தோன்றும். சரியான விசையை அழுத்தினால்தான் அடுத்த சொல். ஏழு சுற்றுகளில் மூன்று, நான்கு, ஆறு, ஏழு மட்டுமே மதிப்பெண்ணுக்கு. ஒரு சோடியில் ஆணும் அறிவியலும் ஒரே விசை, மற்றதில் பெண்ணும் அறிவியலும். எந்தச் சோடியில் விரல் வேகமாகப் போகிறதோ, அந்தத் தொடர்பு மனத்தில் வலுவானது என்பது கணிப்பு.

இரு சோடிகளின் சராசரி நேர வித்தியாசத்தைத் திட்ட விலக்கத்தால் (நேரங்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) வகுப்பதே மதிப்பெண்ணின் சாரம். சராசரி ஒரு சோடிக்கு 700, மற்றதற்கு 800 மில்லிவிநாடி, திட்ட விலக்கம் 250 என்றால் 0.4 வரும். 0.15-ஐத் தாண்டினால் இலேசான சாய்வு, 0.35 மிதமானது, 0.65 வலுவானது. அதே ஆளுக்கு வித்தியாசம் 40 மில்லிவிநாடியாகக் குறைந்தால் 0.16, மிதமானது இலேசாகிவிடும். இங்கேதான் சிக்கல். ஒருவரே மறுபடி செய்யும்போது இரு மதிப்பெண்களுக்கும் உள்ள ஒட்டுறவு (முழுப் பொருத்தம் என்றால் 1) ஏறக்குறைய 0.5 மட்டுமே. ஆயிரம் பேரின் சராசரிக்குப் போதுமான கருவி, தனி ஒருவரைத் தரம் பிரிக்கப் போதாது.

முதலில் வரும் சோடி கைக்குப் பழகிவிடுவதால் சற்று எளிதாகத் தெரியும். ஆகவே வெவ்வேறு நாட்களில் நான்கைந்து முறை செய்து, எல்லா முடிவுகளையும் குறித்துவைத்துப் பாருங்கள். விசைப்பலகை நல்லது. அவசரப்பட்டுத் தட்ட வேண்டாம்: விடைகளில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் 300 மில்லிவிநாடிக்குள் விழுந்தால் முடிவே செல்லாது.

இது அளப்பது மனத்தொடர்பை மட்டுமே. ஆண் விஞ்ஞானிகளையே அதிகம் பார்த்துப் பழகியவருக்கும் வேகம் அப்படி அமையலாம். அவர் அதை நியாயம் என்று நம்புவதாக ஆகாது.

அறிவியலோ தத்துவமோ ஒருவருக்கு உண்மையில் எவ்வளவு புரிந்திருக்கிறது என்று தெரிய வேறு வழி வேண்டும். உளவியல் ஆய்வாளர்கள் ரோசன்பிளிட், கீல் இருவரும் 2002-ல் வெளியிட்ட முறைக்குக் காகிதமும் பேனாவும் போதும். நிலவின் பிறைகள் ஏன் மாறுகின்றன என்பது எவ்வளவு புரிந்திருக்கிறது என்று 1 முதல் 7-க்குள் மதிப்பெண் போடுங்கள். பிறகு காரணத்தைப் படிப்படியாக, ஓர் இணைப்பும் விடாமல் எழுதி, மறுபடி மதிப்பிடுங்கள். பூமியின் நிழல் என்று எழுதியவருக்கு அது கிரகணத்தின் விளக்கம் என்பது அங்கேயே பிடிபடும். தத்துவத்தில் ‘சுதந்திர விருப்பம்’ போன்ற சொல்லை எடுத்தால், வரையறையோடு நில்லாமல் அதற்கு எதிரான வாதத்தையும் எழுதிப் பார்க்க வேண்டும். பேனா பெரும்பாலும் அந்த இரண்டாம் பாதியில்தான் நிற்கும்.