புள்ளிகள் வெண்மையாகும் தகடு: ஓர் அச்சுப் பயிலரங்கின் மதிப்புரை

15ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், குறிப்பாக ஜெர்மனியின் கொலோன் நகரைச் சூழ்ந்த ரைன் ஆற்றுப் பகுதியில், உலோகத் தகட்டைச் செதுக்கியும் குத்தியும் புனிதர் படங்களை அச்சிட்டார்கள். அந்த முறையைக் கற்றுத்தரும் இரண்டு நாள் பயிலரங்கு ஒன்றில் அண்மையில் கலந்துகொண்டேன். தகட்டு வேலையைப் பொறுத்தவரை இதைவிடச் சிறந்த பயிற்சியை நான் பெற்றதில்லை. அச்சிடும் பகுதியில்தான் எனக்குக் குறை உண்டு.

செப்புத் தகட்டில் கோடு கீறி, அந்தப் பள்ளத்தில் மையை நிரப்பி அச்சிடுவது பலரும் அறிந்த முறை. இங்கே நடப்பது அதற்கு நேர்மாறானது. மை தகட்டின் மேற்பரப்பில்தான் நிற்கிறது; உளி தொட்ட இடமெல்லாம் தாளில் வெண்மையாகிறது. ஆகவே புனிதரின் ஆடையையும் பின்னணியையும் கருமையிலிருந்து ஒவ்வொரு புள்ளியாக மீட்டெடுக்க வேண்டும். புள்ளி, நட்சத்திரம், மலர் ஆகிய நுனிகளைக் கொண்ட எஃகு முத்திரை உளிகளைச் சுத்தியலால் தட்டும்போது துளையின் விளிம்பில் உலோகம் மேலெழும்பும். அதைச் சுரண்டிச் சமன்செய்யாவிட்டால் மை அங்கே திட்டாகத் தேங்கிவிடும். இதை ஆசிரியர் பொறுமையாக, ஒவ்வொருவரின் அருகிலும் அமர்ந்து காட்டினார். உள்ளங்கை அளவுப் பின்னணியை நிரப்பவே எனக்கு முதல் நாள் முழுவதும் தேவைப்பட்டது. அந்த நேரத்தை அவர் சிறிதும் குறுக்காதது பாராட்டுக்குரியது.

பாரிஸிலுள்ள பிரான்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கும், 1454 என்ற ஆண்டைத் தாங்கிய சியெனா பெர்னார்தீனோ என்ற இத்தாலியத் துறவியின் படத்தைப் பெரிதாக்கிய நகலை அவர் மேசையில் விரித்தபோது, என் கைவலியே அதைப் பார்க்கும் கண்ணை மாற்றியிருந்தது. 1450இல்தான் பெர்னார்தீனோ புனிதராக அறிவிக்கப்பட்டார் என்பதை நினைத்தால், புதிய பக்தி எவ்வளவு விரைவாக உலோகத்தில் ஏறியது என்பது புரிகிறது. இவ்வகைப் படங்கள் சிலவற்றின் ஓரங்களில் தெரியும் சிறு வட்டங்கள், தகட்டை மரக்கட்டையில் அறைந்த ஆணிகளின் தடங்கள் என்பதையும் அங்கேதான் அறிந்தேன்.

ஆனால் இரண்டாம் நாள் எங்கள் தகடுகளைக் கட்டையில் அறையாமல், பள்ள அச்சுக்கான உருளை இயந்திரத்தில் செலுத்தினார்கள். அதன் கடும் அழுத்தத்தில் தாள் துளைகளுக்குள் இறங்கியதால் நுண்ணிய புள்ளிகள் மங்கின. மாலையில் நான் கேட்டுக்கொண்டதன் பேரில், அதே தகட்டைக் கட்டையில் பொருத்தி, ஈரத்தாளை வைத்துக் கைத்திருகு அச்சில் ஒருமுறை அழுத்தித் தந்தார்கள். அந்த ஒரு தாளில் என் நட்சத்திரங்கள் அனைத்தும் தெளிவாக விழுந்தன.