1966 எம்ஜிபி, ஒன்பது வருடம், ஷெல்ஸ்லி மேட்டில் நான்கு விநாடி

முதலில் நேரத்தைச் சொல்லிவிடுகிறேன். மற்ற எல்லாமே அதிலிருந்துதான் வருகிறது. இங்கிலாந்தில் மேடேறும் கார் பந்தயம் நடக்கும் ஷெல்ஸ்லி வால்ஷ் மேட்டை இந்தக் காரில் முதல் தடவை ஏறியபோது எனக்கு 43.1 விநாடி ஆனது. கடைசியாக ஏறியபோது 38.9. நடுவில் ஒன்பது வருடம். எந்த வேலைக்கு எவ்வளவு செலவானது, அதனால் எவ்வளவு நேரம் குறைந்தது என்று ஆரம்பத்திலிருந்தே ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

கார் 1966 எம்ஜிபி ரோட்ஸ்டர், ஆக்ஸ்ஃபர்டுக்குப் பக்கத்தில் அபிங்டனில் செய்தது. 1962இலிருந்து 1980 வரை, எல்லா வகையும் சேர்த்து ஐந்து லட்சத்துக்கு மேல் அங்கே செய்தார்கள். 1798 சிசி நாலு சிலிண்டர், காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்க எஸ்யூ என்ற வகைக் கார்புரேட்டர் இரண்டு, தொழிற்சாலைக் கணக்கில் 95 பிஎச்பி, அதாவது குதிரைச் சக்தி. நம்மூரில் இதை விண்டேஜ் கார் என்று சொல்லிவிடுவோம், ஆனால் பிரிட்டனில் அந்தச் சொல்லை 1930 வரை செய்த கார்களுக்குத்தான் வைத்திருக்கிறார்கள், இது கிளாசிக். லோட்டஸ், ட்ரையம்ஃப், ஆஸ்டின் ஹீலி எல்லாம் பார்த்துவிட்டு எம்ஜிபியில் வந்து நின்றதற்குப் பெரிய காரணம் உதிரிபாகம். ஆணியிலிருந்து கண்ணாடி ரப்பர் வரை எல்லாம் புதிதாகக் கிடைக்கிறது. 1988இலிருந்து முழு பாடியையே பழைய அச்சுகளில் அடித்து விற்கிறார்கள். பந்தயத்துக்குக் கொண்டுபோகிற கார் எப்போதாவது இடிக்கும், உடையும், அப்போது ஒரு சின்ன பாகத்துக்காக ஆறு மாதம் காத்திருக்க என்னால் முடியாது.

இன்னொரு காரணம் சொந்த விஷயம். அம்பாசடரில் ரொம்ப நாள் ஓடிய 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் எம்ஜிபியின் எஞ்சினும் ஒரே குடும்பம், இரண்டும் பிரிட்டனின் பிஎம்சி கம்பெனி செய்த பி-சீரிஸ் வகை. தென்காசியில் என் மாமா அம்பாசடர் டாக்ஸி ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் எஞ்சினின் மேல்மூடியான ராக்கர் கவரைக் கழற்றி வைத்துவிட்டு, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டை ஒவ்வொரு வால்வாக விட்டு, அவர் வால்வைத் தள்ளும் டாப்பெட்டின் இடைவெளியை அட்ஜஸ்ட் பண்ணுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து வளர்ந்தவன் நான். வூஸ்டரில் முதல் தடவை இந்தக் காரின் பானெட்டைத் திறந்தபோது எது எங்கே இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஷெல்ஸ்லி வால்ஷ் என்பது வூஸ்டர்ஷயரில் ஒரு மேடு. 1905இலிருந்து அதே பாதையில் பந்தயம் நடக்கிறது. நீளம் 1000 யார்டு, அதாவது 914 மீட்டர். செங்குத்தான இடத்தில் ஆறேகால் அடி போனால் ஒரு அடி ஏறும். ஒரு நேரத்தில் ஒரு கார்தான். பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்து நிறுத்துவார்கள், பச்சை விளக்கு எரிந்ததும் நீங்கள் தயாரானபோது கிளம்பலாம், காரின் முன்னால் ஒட்டிய கறுப்புப் பட்டை ஒளிக்கதிரை வெட்டும்போதுதான் கடிகாரம் ஓடத் தொடங்கும். வழக்கமாக ஒரு நாளில் பயிற்சி இரண்டு, கணக்கில் வருவது இரண்டு. இதற்காக விடிகாலையில் எழுந்து போய் நாள் முழுக்கப் புல்வெளியில் நிற்கிறோம், மொத்தமாக ஓட்டுவது மூன்று நிமிடம்கூட இல்லை. ஆனால் அந்த ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முதல் 64 அடிக்கு ஆன நேரம், மொத்த நேரம் எல்லாம் தாளில் வந்துவிடும். கார் மாறியதா, நான் மாறினேனா என்று அந்தத் தாளைப் பார்த்தால் தெரியும். எனக்கு இந்த விளையாட்டில் அதுதான் ரொம்பப் பிடித்தது.

சரி, செலவுக் கணக்கு. முதல் வருடம் நான் செய்தது டயரும் டியூனிங்கும் மட்டும். காரோடு வந்த டயருக்குப் பள்ளம் நிறைய இருந்தது, ஆனால் வயது பதினொன்று, ரப்பர் கல்லாகியிருந்தது. புது டயர் நாலும் சேர்த்து 420 பவுண்டு. அடுத்த தடவை அதே மேட்டில் 41.9. இந்தக் காரில் நான் செலவழித்த காசிலேயே அதிக பலன் தந்தது அதுதான், அதற்குப் பிறகு எதுவும் அந்த விலைக்கு அவ்வளவு நேரத்தைக் குறைக்கவில்லை.

டியூனிங் என்றதும் எல்லோரும் கார்புரேட்டரில் கை வைக்கிறார்கள், நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆனால் வரிசை வேறு. முதலில் டாப்பெட், அப்புறம் தீப்பொறி தரும் பிளக், பாயின்ட், அது எப்போது வர வேண்டும் என்ற டைமிங், எல்லாம் சரியான பிறகு கடைசியில்தான் கார்புரேட்டர். என் காரில் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் ஷாஃப்ட் தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தது, டைமிங் லைட்டை அடித்துப் பார்த்தால் குறி ஒரு இடத்தில் நிற்காமல் நாலைந்து டிகிரிக்கு முன்னும் பின்னும் தாவியது. அப்படி இருக்கும்போது கார்புரேட்டரை எவ்வளவு திருகினாலும் பலன் இல்லை. இரண்டு வாரம் திருகித் திருகிப் பார்த்துவிட்டுத்தான் இது எனக்குப் புரிந்தது. புது டிஸ்ட்ரிபியூட்டர் போட்டு, தீப்பொறி முந்தி வரும் அளவை, அதாவது மொத்த அட்வான்ஸை, 33 டிகிரிக்கு மேல் போகாமல் வைத்த அன்றே ஐடிலிங் தானாகச் சீராகிவிட்டது.

எஸ்யூ கார்புரேட்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். உள்ளே ஒரு பிஸ்டன், அதன் அடியில் கூம்பாகச் சரிந்து போகும் ஒரு ஊசி, அந்த ஊசி ஒரு ஜெட்டுக்குள் ஏறி இறங்குகிறது. எஞ்சின் எவ்வளவு காற்றை இழுக்கிறதோ அவ்வளவு பிஸ்டன் ஏறும், ஊசியும் கூடவே ஏறும், பெட்ரோல் போக வழி பெரிதாகும். அவ்வளவுதான் மொத்த இயந்திரமே. இரண்டு கார்புரேட்டரும் ஒரே அளவு காற்றை இழுக்கிறதா என்று பார்க்க ஒரு ரப்பர் டியூபின் ஒரு முனையைக் காதிலும் இன்னொரு முனையை கார்புரேட்டர் வாயிலும் வைத்து அந்த உஸ்ஸென்ற சத்தத்தை ஒப்பிட்டுக் கேட்பேன். மானி இருக்கிறது, வாங்கினேன், ஆனால் காதே போதும். அப்புறம் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் தூக்கிப் பார்க்க வேண்டும். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், தடுமாறி இறங்கினால் குறைவு, லேசாகக் கூடித் திரும்பப் பழைய இடத்துக்கு வந்தால் சரி. கீழே உள்ள ஆறுபக்க நட்டை ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் திருப்ப வேண்டும், திருப்பியதும் எழுதிக்கொள்ள வேண்டும். மேலே டாஷ்பாட் என்ற குழாயில் பிஸ்டனை நிதானப்படுத்த ஊற்றும் எண்ணெயையும் மறக்கக் கூடாது. அது தீர்ந்துபோனால் ஆக்சிலரேட்டரை அமுக்கியதும் பிஸ்டன் சட்டென்று மேலே ஓடிவிடும், எஞ்சின் ஒரு கணம் மூச்சு வாங்கும். மேட்டில் கிளம்பும்போது அந்த ஒரு கணம் 64 அடி நேரத்தில் அப்படியே தெரியும்.

இந்த வேலைகளுக்கு ஆன செலவு டிஸ்ட்ரிபியூட்டர் விலையோடு சேர்த்து 300 பவுண்டுக்குள். நேரம் 41.2.

மூன்றாவது வருடம் சக்திக்கு ஆசைப்பட்டேன். சிலிண்டர்களுக்கு மேல் உட்காரும் ஹெட்டில், பி-சீரிஸில், மொத்தம் ஐந்தே துளைகள், முதல் இரண்டு சிலிண்டருக்குக் காற்று உள்ளே வர ஒரே இன்லெட், கடைசி இரண்டுக்கு ஒரே இன்லெட், நடு இரண்டுக்கும் புகை வெளியேற ஒரே எக்ஸாஸ்ட். மூச்சு முட்டுவது அங்கேதான், அதனால் ஹெட்டைச் சரிசெய்தால் நல்ல பலன் இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அபிங்டன் தொழிற்சாலையே அந்தக் காலத்தில் ஸ்பெஷல் டியூனிங் என்ற பிரிவு வைத்து இதற்கான சாமான்களை விற்றது. நான் ஒரு பட்டறையில் கொடுத்து ஹெட்டைக் குடைந்து, பெரிய வால்வு போட்டு, டாப்பெட்டுகளைத் தள்ளி வால்வைத் திறக்கும் கேம் ஷாஃப்டும் மாற்றினேன். 2,600 பவுண்டு. சக்கரத்தில் அளந்தால் 71 பிஎச்பி 94 ஆகியிருந்தது. சத்தமே வேறு, 3,000 ஆர்பிஎம்முக்கு மேல் ஒரு புது எஞ்சின். ஷெல்ஸ்லியில் நேரம் 40.6. இருபத்து மூன்று பிஎச்பிக்கு ஆறு பத்திலொரு பங்கு விநாடிதான். கிளம்பும் இடத்தில் பின்சக்கரம் சுழன்றது, வளைவில் கார் சாய்ந்து ஒரு பக்கச் சக்கரத்தின் பிடி விட்டுப்போனது, கூடுதல் சக்தி தரைக்குப் போய்ச் சேரவே இல்லை.

அதோடு முடியவில்லை. ஓட்ட ஆரம்பித்து ஆயிரம் மைல்கூட ஆகாத நிலையில் டாப்பெட் சத்தம் கேட்க ஆரம்பித்தது. இடைவெளியை 0.015 அங்குலத்துக்கு வைத்தால் அடங்கும், இருநூறு மைலில் திரும்ப வரும். ஒரு நாள் மாமாவிடம் போனில் பேசிக்கொண்டே எஞ்சினை ஓடவிட்டு போனைப் பக்கத்தில் காட்டினேன். அவர் டாக்ஸியை விட்டு இருபது வருடம் ஆகிறது. ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, "மருமவனே, ஒரு டாப்பெட்டு மட்டும் தனியா கத்துது பாத்துக்கோ. அட்ஜஸ்ட் பண்ணியும் திரும்பத் திரும்ப வருதுன்னா அது டாப்பெட் இல்ல, கேம் திங்குது. வண்டிய ஓட்டாத, நிறுத்து" என்றார். எண்ணெய் ஃபில்டரை வெட்டித் திறந்து பார்த்தேன், மடிப்புகளில் வெள்ளி மாதிரி இரும்புத் தூள்.

புது கேம் போட்டால் முதல் தடவை ஸ்டார்ட் ஆனதும் ஐடிலிங்கில் விடக் கூடாது. 2,000 முதல் 2,500 ஆர்பிஎம்மில் இருபது நிமிடம் ஓடவிட வேண்டும். அப்போதுதான் கேமும் டாப்பெட்டும் ஒன்றுக்கொன்று பதிந்து கடினமாகும். துத்தநாகம் கலந்த பழைய வகை 20டபிள்யூ-50 எண்ணெயும் வேண்டும், இப்போதைய கார் எண்ணெய்களில் அது குறைவு. அந்தப் பட்டறையில் இரண்டையும் செய்யவில்லை. ஸ்டார்ட் செய்து, ஐடிலிங்கிலேயே வைத்து டைமிங் பார்த்திருக்கிறார்கள், ஊற்றியது சாதாரண எண்ணெய். பில்லிலேயே அது எழுதியிருந்தது. கேட்டபோது நான் பந்தயத்தில் ஓட்டியதால் தேய்ந்தது என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது, பணத்தைவிட அந்தப் பதிலுக்காக.

அந்தக் குளிர்காலம் முழுக்க எஞ்சின் என் கராஜில் கிடந்தது. எம்ஜி கிளப்பில் பழகிய ஒரு பெரியவர் எஞ்சின் தூக்கும் கிரேனையும் கூடவே தன் சனிக்கிழமைகளையும் கொடுத்தார். கேம், டாப்பெட், பேரிங், ஆயில் பம்ப் எல்லாம் புதிது. அவர் ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கின் அளவு காட்டும் டார்க் ரெஞ்சில் முறுக்கி, வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு, அதற்கப்புறம்தான் அடுத்ததற்குப் போவார். எஞ்சின் வேலையைப் பட்டறைக்குக் கொடுப்பதா, நாமே செய்வதா என்று யாராவது கேட்டால் என் பதில் இதுதான்: ஹெட் வேலைக்கு மெஷின் வேண்டும், அதை வெளியே கொடுங்கள். மாட்டுவதை நீங்களே செய்யுங்கள். இருபது நிமிடம் ஓட விடுகிற பொறுமை உங்கள் காரின் மேல் உங்களுக்குத்தான் இருக்கும்.

அதற்குப் பிறகு சக்தியைத் தொடவே இல்லை. முன்பக்கம் சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருந்த ரப்பர் புஷ்களை எடுத்துவிட்டு எம்ஜிபி வி8க்குப் போட்ட உலோகம் வைத்த புஷ் போட்டேன், வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் ஆன்டி ரோல் பாரை முக்கால் அங்குலத்துக்கு மாற்றினேன், தேய்ந்துபோயிருந்த லீவர் ஷாக் அப்சார்பர்களை ரிப்பேர் செய்து வாங்கினேன். எம்ஜிபியின் முன்பக்கத்தில் அந்த ஷாக் அப்சார்பரின் கைதான் சக்கரத்தை மேலே பிடிக்கிற விஷ்போனும், அதில் ஆட்டம் இருந்தால் சக்கரத்தின் கோணமே வளைவில் மாறும். பழைய சீட்டுக்குப் பதில் இடுப்பைப் பிடிக்கிற சீட்டும், ஹார்னஸ் என்ற பந்தய பெல்ட்டும். எல்லாம் சேர்த்து 1,100 பவுண்டு, நேரம் 39.4. அதாவது எஞ்சினுக்குப் போட்ட காசு இரண்டு வருடம் கழித்து இங்கேதான் பலன் தந்தது. திரும்ப ஆரம்பத்திலிருந்து செய்வதானால் டயர், பிரேக், புஷ், ஷாக் அப்சார்பர், சீட், அதற்கப்புறம்தான் ஹெட். இந்த வரிசையை மாற்றவே மாட்டேன்.

மீதி அரை விநாடி ஓட்டக் கற்றதில் வந்தது. 1966 மாடலில் முதல் கியருக்கு சிங்க்ரோ, அதாவது கியர் பற்களின் வேகத்தைச் சமமாக்கி மாட்ட உதவும் அமைப்பு, கிடையாது. ஷெல்ஸ்லியில் அது பிரச்சினை இல்லை, கிளம்பினால் மேலேதான். ஆனால் க்ளோஸ்டர்ஷயரில் ப்ரெஸ்காட் மேட்டில் பார்டன் என்றொரு கொண்டை ஊசி வளைவு உண்டு, இரண்டாவது கியரில் போனால் எஞ்சின் திணறும், முதல் கியருக்கு இறங்க டபுள் கிளட்ச் அடிக்க வேண்டும், அதாவது நடுவில் நியூட்ரலில் ஒரு தடவை கிளட்சை விட்டுத் திரும்ப மிதிக்க வேண்டும், அதுவும் பிரேக்கில் கால் இருக்கும்போதே. இரண்டு சீசன் அதை வெறும் சாலையில் பழகினேன். இப்போது கையும் காலும் தாமாகச் செய்கின்றன, பல் கடிக்கிற சத்தம் வருவதில்லை.

தினசரி வாழ்க்கை பற்றி: வாரக் கடைசியில் குடும்பத்தோடும் இதில்தான் போகிறோம், பந்தயத்துக்கும் டிரெய்லர் இல்லாமல் ஓட்டிக்கொண்டே போகிறேன். நாற்பது வயதைத் தாண்டிய கார் என்பதால் சாலை வரி இல்லை. கார் ஓட்டத் தகுதியானதா என்று பார்க்கிற எம்ஓடி சோதனையும் கட்டாயமில்லை, ஆனாலும் வருடா வருடம் கொண்டுபோய்க் காட்டுகிறேன், வேறொரு கண் அடியில் பார்ப்பது நல்லது. 2021இல் பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்த இ10 பெட்ரோல் வந்தபின் பழைய ரப்பர் ஹோஸ் ஒன்று மெத்தென்று ஊறிக் கசிந்தது, எல்லா ஹோஸையும் மாற்றிவிட்டு சூப்பர் பெட்ரோல்தான் போடுகிறேன். கம்பி வைத்த வயர் வீல் அழகு, ஆனால் சக்கரம் மாட்டும் நடுப்பகுதியான ஹப்பின் பற்கள் தேய்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தேய்ந்தால் கிளம்பும்போது டக்கென்று ஒரு சத்தம் வரும், அதைக் கேட்டதும் ஓட்டக் கூடாது.

வாங்க நினைப்பவர்கள் எஞ்சினைப் பார்த்து மயங்காதீர்கள். கதவுக்கு அடியில் ஓடும் சில் என்ற பகுதியைப் பாருங்கள், காந்தம் கொண்டுபோங்கள். தனிச் சேஸிஸ் இல்லாத கார் இது, சில் துருப்பிடித்துப்போனால் நடு முதுகே போன மாதிரி. ஜாக்கி வைத்துத் தூக்கும்போது கதவு இடைவெளி சுருங்கினால் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள்.

இந்த சீசன் கடைசி ஓட்டத்தில் இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது கியர் ஒரு தடவை வெளியே தள்ளியது. எம்ஜிபியில் கியர்பாக்ஸை மட்டும் தனியாக இறக்க முடியாது, எஞ்சினும் சேர்ந்து வர வேண்டும். டிசம்பர் முதல் சனிக்கிழமைக்குக் கிரேனைக் கேட்டு வைத்திருக்கிறேன். பெரியவரும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.