தெரிந்தவர் ஆசையாகக் கேட்கிறார்: எஸ்2000ஐக் கொடுக்கலாமா?

என்னிடம் இருப்பது 2001 மாடல் ஹோண்டா எஸ்2000, துணிக் கூரையை மடக்கித் திறக்கக்கூடிய இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். நண்பரின் நண்பர் ஒருவர், பார்க்கும் போதெல்லாம் "எப்ப கொடுக்கப் போறீங்க?" என்று கேட்கிறார். நல்ல மனிதர், கையில் பணமும் இருக்கிறது. விற்பதா வேண்டாமா என்று நானே யோசித்துக்கொண்டிருந்த நேரம் என்பதால், அவருக்குக் கொடுப்பது, முன்பின் தெரியாதவருக்கு விற்பது, நானே வைத்துக்கொள்வது என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே பிரித்துக்கொள்ள வேண்டும். விற்பதா என்பது ஒரு கேள்வி, யாருக்கு என்பது வேறு கேள்வி. ஆசையோடு ஒருவர் எதிரில் நிற்கும்போது முதல் கேள்வியைத் தாண்டிக் குதித்து இரண்டாவதற்குப் போய்விடுகிறோம். அதனால் வைத்துக்கொள்வதிலிருந்து தொடங்குகிறேன்.

இந்த வண்டி 1999இல் வந்தது, 2009இல் நின்றுபோனது. அதற்குப் பிறகு ஹோண்டா இதற்கு ஒரு வாரிசை விடவே இல்லை. இரண்டு லிட்டர் எஞ்சின், காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ கிடையாது, முதல் சில வருட மாடல்களில் எஞ்சின் 9,000 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) வரை ஏறும். 6,000ஐ நெருங்கும்போது, வால்வுகள் திறக்கும் விதத்தை மாற்றும் விடெக் என்ற ஏற்பாடு வேலை செய்யத் தொடங்கி, எஞ்சினின் குரலே வேறாகிவிடும். ஆறு கியர், மேனுவல் மட்டும்தான். இன்று எந்த ஷோரூமிலும் இப்படி ஒன்றைக் கேட்டு வாங்க முடியாது. பழைய சந்தையிலும் யாரும் கைவைக்காத வண்டிகள் குறைந்துகொண்டே போகின்றன. இன்று விற்றுவிட்டு அப்புறம் மனம் மாறினால், அதே பணத்துக்கு இதே கண்டிஷனில் இன்னொன்று கிடைப்பது கஷ்டம்.

ஆனால் வைத்துக்கொள்வது என்றால் ஓட்ட வேண்டும். ஓடாமல் நிற்கும் வண்டி அப்படியே இருக்கும் என்று நினைப்பது தப்பு. பேட்டரி இறங்கும். ஒரே இடத்தில் நின்றால் டயரின் அடிப்பக்கம் தட்டையாகும். பெட்ரோல் சில மாதங்களிலேயே தரம் இழக்கத் தொடங்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் என்பதால், வண்டி ஓடினாலும் நின்றாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. டயரின் வரிகள் இன்னும் ஆழமாக இருக்கிறதே என்று பழைய டயரை நம்பி இந்த வண்டியை மழையில் எடுக்கக்கூடாது, ரப்பர் இறுகியிருக்கும். இவ்வளவையும் பார்த்துக்கொள்ள நேரமும் மனசும் இல்லையென்றால் கொடுத்துவிடுவதே வண்டிக்கு நல்லது.

தெரியாதவருக்கு விற்பதில் பெரிய சிக்கல் இல்லை. அவர் தன் மெக்கானிக்கோடு வருவார், விலை பேசுவார், பணம் கைக்கு வரும், பெயர் மாறும், அதோடு முடிந்தது. சும்மா ஓட்டிப் பார்க்கவே வருபவர்களைச் சமாளிக்க வேண்டியிருக்கும். வண்டி எங்கே போனது, எப்படி இருக்கிறது என்பது நமக்குத் தெரியாமல் போகலாம். சிலருக்கு அதுவே நிம்மதி.

தெரிந்தவர் விஷயம்தான் ஆழம் பார்க்க வேண்டியது. நல்லதும் நிறைய இருக்கிறது. வண்டியின் கதை அவருக்குத் தெரியும், விளம்பரம் போட வேண்டாம், பிறகு ஒருநாள் அவர் விற்க நினைத்தால் முதலில் நம்மிடம் வருவார். சிரமம் பணத்தில் தொடங்குகிறது. நாம் முகத்துக்காகக் கொஞ்சம் குறைப்போம், அவர் இன்னும் கொஞ்சம் குறையும் என்று எதிர்பார்ப்பார். "பாதி இப்ப, மீதி ரெண்டு மாசத்துல" என்று பேச்சு வந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். முழுப் பணமும் வந்து பெயரும் மாறும்வரை சாவி கை மாறக்கூடாது. நம் பெயரில் இருக்கும் வண்டி எங்காவது இடித்தால் முதலில் தேடி வருவது நம்மைத்தான். விற்ற பிறகு கியர்பாக்ஸ் தகராறு செய்தால், நடுவில் இருக்கும் நண்பருக்கும் சேர்த்துத் தர்மசங்கடம். அதனால் தெரிந்தவர் என்றாலும் வெளி மெக்கானிக் ஒருவர் பார்த்து, குறைகளை எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்வதுதான் முறை.

பணத்தைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. 2006 வாக்கில்தான் இந்த மாடலில் வழுக்கலைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் உதவி சேர்ந்தது. என் வண்டியில் அது இல்லை. இழுவை பின்சக்கரங்களில். ஈரச் சாலையில், வளைவின் நடுவே பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் பின்பக்கம் வீசிவிடும். தெரியாதவர் விஷயத்தில் இதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். இவர் வீட்டுப் பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

ஒருநாள் அவரை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தண்ணீர் சூட்டைக் காட்டும் கோடுகள் சீக்கிரம் ஏறிவிடும், ஆயில் சூடாக அதைவிட அதிக நேரம் பிடிக்கும். அதுவரை எஞ்சினை முடுக்கக்கூடாது என்பது அவருக்குச் சொல்லாமலே தெரிந்திருந்தது. மனசுக்குப் பிடித்தது. அப்புறம் 3,000 ஆர்.பி.எம்.மில் ஆக்சிலரேட்டரை அழுத்திவிட்டு, "என்ன, இழுக்கவே மாட்டேங்குதே?" என்றார். இந்த எஞ்சினின் உச்ச டார்க்கே, அதாவது சுழற்றும் விசையே, 7,500இல்தான் வரும். மேலே ஏற்றிக் காட்டச் சொன்னேன், சிரித்துக்கொண்டே ஏற்றினார். இறங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இதுக்கு டர்போ போடலாமா?"

போடலாம், பலர் போட்டிருக்கிறார்கள். ஆனால் இதன் கம்ப்ரஷன் விகிதம், அதாவது சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் எவ்வளவு அழுத்தப்படுகிறது என்பது, 11:1. டர்போ இல்லாமல் ஓடுவதற்கென்றே செய்த எஞ்சின். ட்யூனிங் கொஞ்சம் பிசகினாலும் பிஸ்டன் போய்விடும். விற்ற பிறகு என்ன செய்வது என்பது முழுக்க அவர் உரிமை, நான் வாய் திறக்கக்கூடாது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது என்பது அங்கே நின்றபோதே தெரிந்துவிட்டது. முதல் கேள்விக்கும் பதில் அதிலேயே கிடைத்தது. மாற்றிவிடுவார்களோ என்று இவ்வளவு பதறுகிறவன் இப்போதைக்கு வண்டியை வேறு யாருக்கும் விற்கவும் மாட்டான்.

இதில் அவருக்கு நான் செய்யக்கூடிய நல்லது, இழுத்தடிக்காமல் இருப்பது. "விற்கும்போது முதல்ல உங்களுக்குத்தான்" என்று சொல்வது சுலபம். அந்த ஒரு வார்த்தையை நம்பி, வரும் நல்ல வண்டிகளையெல்லாம் அவர் விட்டுக்கொண்டிருப்பார். அதனால் கொடுப்பதாக இல்லை என்று நேராகவே சொல்லிவிட்டேன். முகம் வாடியது. பிறகு அவராகவே தேடி, 2007 மாடல் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார், என்னையும் பார்க்கக் கூப்பிட்டிருக்கிறார். இரண்டாவது கியர் விழும்போது உரசுகிறதா, எஞ்சினுக்குள் ஓடும் சங்கிலியை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்து எஞ்சினின் முன்பக்கம் கரகரக்கிறதா, கூரைத் துணி மடிப்பில் தேய்ந்திருக்கிறதா, ஆயில் அளவு குறைந்திருக்கிறதா என்று இந்த நான்கையும் நானே பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். எஞ்சின் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும், நாங்கள் வரும்முன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லியாகிவிட்டது.