லாரி மோதிய வழக்கு: லோக் அதாலத்தில் முடிப்பதா, தீர்ப்பாயத்தில் நடத்துவதா?

மதுரையை அடுத்த திருமங்கலம், கப்பலூர் பக்கம் நால்வழிச் சாலையில் லாரி மோதி அடிபட்டு வழக்குப் போட்டவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வந்துவிடும். இன்சூரன்ஸ் கம்பெனி ஒரு தொகை சொல்லும். வாங்குவதா, விடுவதா?

லோக் அதாலத் என்பது இரு தரப்பும் பேசிச் சமரசமாக முடிக்கும் மக்கள் நீதிமன்றம்; அங்கே சீக்கிரம் முடியும். கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பும். ஆனால் கையெழுத்துப் போட்டால் போட்டதுதான், மேல்முறையீடு கிடையாது. தொகை ஒத்துவராவிட்டால் வழக்கு பழையபடி, விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்கே போகும், நஷ்டமில்லை.

தீர்ப்பாயத்தில் லாரி டிரைவரின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும்; இழுக்கவும் செய்யும். ஆனால் அங்கே தொகை பெரிதாக வரலாம். பரவை மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் 32 வயதுக்காரருக்கு மாத வருமானம் 15,000 ரூபாய் என்று வைப்போம். ஆண்டு வருமானத்தை வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்குவார்கள்; அந்த வயதுக்குப் பெருக்கு எண் 16. மருத்துவர் எழுதிய ஊனம் 20 சதவீதம்தான் என்றாலும், மூட்டை தூக்கவே முடியாது என்றால் தொழில் பாதிப்பை 40 சதவீதம் என்றுகூடத் தீர்ப்பாயம் எடுக்கலாம். அப்போது வருமான இழப்பு மட்டும் (15,000 × 12 × 16-இல் 40 சதவீதம்) 11,52,000 ரூபாய். 20 என்றால் அதில் பாதி. கம்பெனி எந்தச் சதவீதத்தில் கணக்குப் போட்டது என்று வக்கீலிடம் கேளுங்கள்; பேரத்தின் சூட்சுமமே அங்கேதான்.

தீர்ப்பில் தொகை குறைந்தால் ஒத்தக்கடை பக்கமுள்ள உயர் நீதிமன்றக் கிளைக்குப் போகலாம். கம்பெனியும் போகும்!

எலும்பு கூடி வேலைக்குத் திரும்பியவருக்கு லோக் அதாலத் போதும் என்பேன். சிகிச்சையே முடியாதவர் இப்போதைக்குக் கையெழுத்துப் போட வேண்டாம்.