பல் மருத்துவ நாற்காலிக்கு மறு உறை: டர்பன் ஈரத்தில் எது தாங்கும்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ பல் கிளினிக் வைத்திருப்பவர் நாற்காலிக்கு மறு உறை போடப் போனால், கடையில் முதலில் நீட்டுவது நிறச் சாம்பிள் அட்டையைத்தான். அதை ஓரமாக வையுங்கள். நோயாளி எழுந்து போனதும் எந்த மருந்தால் துடைக்கிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. உட்கார்ந்து எழுவதால் தேய்ந்து கெடும் உறைகள் குறைவு. துடைப்பு மருந்தும் கடற்காற்றின் ஈரமும் சேர்ந்து கெடுப்பவைதான் அதிகம்.

பி.வி.சி. ரெக்சின் விலை குறைவு, எல்லாத் தையல்காரருக்கும் கை பழகியது, நீர்த்த பிளீச்சைத் தாங்கும். அதை மிருதுவாக வைத்திருப்பது உள்ளே கலந்திருக்கும் பிளாஸ்டிசைசர். 70 சதவீத ஆல்கஹால் துடைப்பான் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்துவிடும். தலைமுடியில் தடவிய எண்ணெயும் அதே வேலையைச் செய்யும். அதனால்தான் தலையணைப் பகுதி முதலில் விறைத்து, மடிப்பில் வெடிக்கிறது. வெடிப்புக்குள் இறங்கிய எச்சிலையும் ரத்தத்தையும் துடைத்தெடுக்க வழியே இல்லை. மேலே ஒட்டுப் போட்டுச் சமாளிக்காதீர்கள். அந்தப் பகுதியின் உறையை மாற்றியே ஆகவேண்டும்.

பி.யூ. (பாலியூரிதேன் பூச்சுத் துணி) தொட்டவுடன் பிடித்துப்போகும். தோல் போலவே மென்மை, குளிரிலும் விறைக்காது. ஆனால் இதில் மலிவான எஸ்டர் வகையை டர்பனில் போடவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. காற்றின் ஈரம் அதன் மூலக்கூறுச் சங்கிலியை அறுக்கும். மேல்படலம் பிசுபிசுத்து, பிறகு செதில் செதிலாக உரியும். யாரும் உட்காராமல் கடையில் சுருட்டி வைத்த துணிகூட இப்படிக் கெடும். பாலிகார்பனேட் வகை பி.யூ. இந்த ஈரத்தை நன்றாகத் தாங்கும். கண்ணால் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. எனவே 70 டிகிரி வெப்பத்திலும் 95 சதவீத ஈரப்பதத்திலும் எத்தனை வாரம் தாங்கியது என்ற சோதனைத் தாளைக் கேளுங்கள். 10 வாரத்துக்குக் குறைந்தால் வேண்டாம். தாளே இல்லை என்றால் எஸ்டர் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சிலிக்கோன் பூச்சுத் துணியில் வெளியேறப் பிளாஸ்டிசைசர் இல்லை, ஈரமும் அதை அறுக்காது. ஆல்கஹால், நீர்த்த பிளீச் இரண்டையும் தாங்கும். குறை என்னவென்றால் விலை அதிகம். புரோப் (பல்லைச் சோதிக்கும் ஊசிமுனைக் கருவி), பர் (பல்லைக் குடையும் முனை) போன்ற கூர் முனை பட்டால் கீறிக்கொள்ளும். வழக்கமான ஒட்டுப்பசை அதன் மேற்பரப்பில் பிடிக்காது. பின்துணியில் மட்டும்தான் ஒட்ட வேண்டும் என்பதைத் தையல்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அசல் தோல் உறிஞ்சும். அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

கறை விஷயத்தில் நம் மக்களுக்கென்றே ஒன்று உண்டு. தைப்பூசக் காவடி நாட்களில் வரும் நோயாளியின் கழுத்திலும் பின்னந்தலையிலும் மஞ்சள், சந்தனம், குங்குமம் எல்லாம் இருக்கும். வெளிர் நிற ரெக்சினில் மஞ்சள் இறங்கினால் லேசில் போகாது. காரத்தன்மையுள்ள சோப்புப் பட்டால் செம்பழுப்பாக மாறி இன்னும் அசிங்கமாகத் தெரியும். சிலிக்கோனில் உடனே துடைத்தால் பெரும்பாலும் வந்துவிடும். எந்தத் துணியானாலும் தலையணைக்குப் பிளாஸ்டிக் உறை மாட்டி, நோயாளிக்கு நோயாளி மாற்றுங்கள். அதற்காகக் கறுப்பு நிறத்துக்கு ஓடவும் வேண்டாம். அழுக்கு கண்ணில் படாத நாற்காலி சரியாகத் துடைக்கப்படாது. நடுத்தரச் சாம்பலோ நீலமோ நல்லது. ஜீன்ஸ் சாயமும் நீலத்தில் அவ்வளவாகத் தெரியாது.

துணியைவிடத் தையலில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். ஊசி போன ஒவ்வொரு துளையும் ஈரம் இறங்கும் வழி. தையல் நீளம் 3 முதல் 4 மில்லிமீட்டர் இருக்கட்டும். நெருக்கித் தைத்தால் உறுதி என்று நினைப்பது தவறு, துளை வரிசையிலேயே துணி கிழியும். நூல் பாலியஸ்டராக இருக்க வேண்டும். பருத்தி நூல் ஈரம் குடித்து மக்கும். தலை, தோள் படும் நடுப்பகுதியில் தையலே வரக்கூடாது, ஓரத்துக்குத் தள்ளச் சொல்லுங்கள். ஓரத்தில் பைப்பிங் (தையலோடு வரும் உருண்டைக் கரை) வைத்தால் அதன் அடியில் அழுக்குச் சேரும். ஸ்டேப்பிள் துருப்பிடிக்காத எஃகாக இல்லாவிட்டால் கடற்காற்றில் துரு ஏறிப் பிளைவுட்டைக் கறையாக்கும். வாக்குவம் முறையில் வார்த்த தையலற்ற உறைதான் சுத்தத்துக்கு முதலிடம். ஆனால் சற்று விறைப்பாக இருக்கும், ஓரிடம் கிழிந்தால் முழுதாக மாற்ற வேண்டும்.

ஃபோமில் கஞ்சத்தனம் வேண்டாம். அடியில் கன மீட்டருக்கு 40 கிலோ அடர்த்தியில் 40 மில்லிமீட்டர், மேலே 20 மில்லிமீட்டர் மெமரி ஃபோம் என்றால், ஒரு மணி நேர வேர் சிகிச்சைக்கும் இடுப்பு வலிக்காது. முதுகுப் பலகையை மட்டும் தடிப்பாக்காதீர்கள். மருத்துவரின் தொடை அதன் கீழே நுழைய வேண்டும். இடம் குறைந்தால் அவர் நாள் முழுக்கக் குனிந்தே வேலை செய்வார்.

எங்கள் தேர்வு: தலையணைக்குச் சிலிக்கோன், இருக்கைக்கும் முதுகுக்கும் பாலிகார்பனேட் பி.யூ. பணம் இடிக்கிறது என்றால் நல்ல ரெக்சின் போட்டு, ஆல்கஹால் இல்லாத துடைப்பானுக்கு மாறிவிடுங்கள். பிளீச் பயன்படுத்துவோர் கவனிக்க: கடையில் கிடைக்கும் 3.5 சதவீத ஜிக் பிளீச் ஒரு பங்குக்கு 34 பங்கு தண்ணீர் சேர்த்தால் 1000 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் ஆயிரம் பங்கு) கிடைக்கும். மருந்துப் புட்டியில் போட்டிருக்கும் நேரம் வரை மேற்பரப்பு ஈரமாக நிற்க வேண்டும். பிறகு வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் ஒருமுறை துடையுங்கள். காய்ந்து படியும் மிச்ச மருந்து எந்த உறையையும் அரிக்கும்.

ஆர்டர் கொடுக்கும் முன் உள்ளங்கை அளவு சாம்பிள் வாங்கி, உங்கள் துடைப்பானை அதன்மேல் விரித்து, காயாதபடி பிளாஸ்டிக் தாளால் மூடி ஓர் இரவு விடுங்கள். காலையில் விரலில் ஒட்டினாலோ, உப்பியிருந்தாலோ, மடித்த இடத்தில் வெள்ளைக் கோடு விழுந்தாலோ அந்தத் துணியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.